பக்கம் 143: தாவீது–சங்கிலி

இதில் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. பஞ்சவர்ணம் டீச்சர் எனக்குச் சொன்னார். டீச்சருக்கு அவருடைய அம்மா சொன்னார். அந்த அம்மா தான் பார்த்ததைச் சொன்னாரா, கணவர் சொன்னதைச் சொன்னாரா என்று டீச்சருக்கே உறுதியாகத் தெரியவில்லை. அப்படிக் கை மாறி வந்த ஒன்றை வைத்துக்கொண்டு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பன்னிரண்டு நாற்பது. மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை, இரண்டு மணிக்கு வரும், வந்த உடனே கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்துக்குப் பிளேட் போட்டுவிடுவேன் என்று ஜெயசீலன் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் கம்ப்யூட்டர் மேசையில் தினத்தாளை விரித்துத் தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசம். மெஷின் ஓடாத அச்சகம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை, என் வயிறு இரைவது அவருக்குக் கேட்டிருக்கும். மடியில் ப்ரூஃப் தாள், பக்கம் 143. மேலே கட்டம் கட்டி இரண்டு வரி. பாட்டு: ஞா. தாவீது. இசை: மா. சங்கிலி. இந்த இரண்டு பெயரும் இடம் மாறி இருக்க வேண்டும் என்று நேற்று மத்தியானம் வரை எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது, கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கேள்விப்படுவதற்கும் தெரிவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எம்.ஏ.வில் யாரும் சொல்லித்தரவில்லை. தாளின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறது. அதற்கு மேலே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நான் சரிபார்த்தேன் என்று அர்த்தம். நான் சரிபார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து கட்டைவிரல் நீலமாகிவிட்டது, தாளில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தென்மாவட்ட நாடகக் கலைஞர் களஞ்சியம் என்று எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை போடுகிற புத்தகம் இது, ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்று முப்பது பேரை நான் வீடு தேடிப் போய்ப் பார்த்தேன், பெயரெழுத்தைக் கூட இரண்டு தடவை கேட்டு எழுதினேன். தாவீது–சங்கிலி மட்டும் சுலபமாக முடிந்தது, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது, சுலபமாக முடிந்ததில்தான் எப்போதும் தப்பு இருக்கும். அருப்புக்கோட்டை சந்திரோதய நாடக சபாவுக்கு இருபத்தேழு வருஷம், முப்பத்தொரு இசை நாடகம், எல்லாப் பாட்டும் இந்த இரண்டு பேர்தான். தாவீது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சங்கிலி சபாவில் ஆர்மோனியம் வாசித்தவர். போஸ்டரிலும் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும் பாட்டு தாவீது, இசை சங்கிலி. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தது சங்கிலி என்பதால் மெட்டும் அவருடையது என்று ஊர் நம்பியது, வாத்தியார் என்பதால் வரி தாவீதுடையது என்று நம்பியது. நானும் நம்பினேன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, படித்தவர் எழுதுவார், வாசிக்கிறவர் மெட்டுப் போடுவார். அப்படி நினைத்தேன் என்று இப்போது நினைக்கும்போது காது சூடாகிறது. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான், எழுதுவது படித்தவர்கள் வேலை என்று என்னைவிட உறுதியாக யார் நம்பியிருப்பார்கள்.

சங்கிலியின் மகள்தான் பஞ்சவர்ணம் டீச்சர், அவர் சொன்னது இதுதான். அறுபத்தொன்பதாம் வருஷம் ‘மூணாம் சங்கு’ என்று ஒரு நாடகம், மில் வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றியது. பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் வைத்துத்தான் இரண்டு பேரும் பாட்டுக் கட்டுவார்கள். வாத்தியார் பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு வருவார், சங்கிலி பெட்டியில் வைத்துப் பார்ப்பார், பொருந்தாத வார்த்தையை வாத்தியார் மாற்றுவார். அன்றைக்குப் பொருந்தவே இல்லை. வாத்தியார் சொல்லியிருக்கிறார், “பெட்டியில விரலை வச்சா மெட்டு தானா வந்து விழுகுது. எனக்கு அப்படியா, ஒவ்வொரு வார்த்தையையும் பல்லப் பிடுங்குற மாதிரி பிடுங்கணும்.” அதற்குச் சங்கிலி, “பல்லு வலிக்குதுன்னா எங்கிட்ட குடும் வாத்தியாரே, நான் எழுதுறேன். நீரு பெட்டியப் பிடியும். யாருக்கு வலிக்குதுன்னு பாப்போம்.” விளையாட்டாகச் சொன்னது வீம்பாகிவிட்டது. பத்து நாள். சங்கிலி கிணற்றடியில் உட்கார்ந்து எழுதினார், குளிக்க வந்த பெண்கள் திட்டினார்கள். தாவீதுக்குப் பெட்டி வாசிக்கத் தெரியாது, சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வாயாலேயே மெட்டுக் கட்டி, மறந்துவிடக் கூடாது என்று சைக்கிளை நேரே சங்கிலி வீட்டுக்கு விட்டு, இறங்காமலே பாடிக் காட்டிவிட்டுப் போவார். நாடகம் நன்றாக ஓடியது. நாற்பது ஊர். ஆனால் போஸ்டர் முன்னாலேயே அடித்து ஒட்டியாயிற்று, பழையபடி பாட்டு தாவீது, இசை சங்கிலி. அடுத்த நாடகத்துக்குப் பழையபடி மாறிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார்களாம், முடியவில்லையாம். ஒருத்தர் வேலை மற்றவருக்குத்தான் நன்றாக வந்தது. அதை வெளியில் எப்படிச் சொல்வது. சொன்னால் முதலில் செய்ததெல்லாம் சுமார் என்று ஆகிவிடும். இப்படியே போகட்டும் என்று விட்டார்கள். கடைசி நாடகம் வரை இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

சங்கு ஊதும் முன்னே எழுந்தவளே, சாதம் ஆறும் முன்னே போனவளே. நேற்றிலிருந்து இந்த வரி மண்டைக்குள் ஓடுகிறது. எத்தனை தடவை இதைத் தட்டச்சு செய்திருப்பேன், அப்போதெல்லாம் வாத்தியார் எவ்வளவு எளிமையாக எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன், கட்டுரையில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன், “பள்ளி ஆசிரியராக இருந்தும் பாமரர் மொழியில்” என்று ஒரு வாக்கியம், இதோ மூன்றாவது பத்தியில், அதை நான் ரசித்து எழுதினேன், எங்கள் துறைத் தலைவர் திருமலைக்கொழுந்து சார் கூட அதற்குப் பக்கத்தில் டிக் போட்டார். இப்போது அந்த டிக்கைப் பார்க்க முடியவில்லை. சாதம் ஆறும் முன்னே. இது மனைவி மில்லுக்குப் போன வீட்டில் தனியாகத் தட்டைப் பார்த்து உட்கார்ந்தவன் எழுதியது. சங்கிலியின் மனைவி மில்லுக்குப் போனவர். தாவீதின் மனைவி வீட்டில் இருந்தவர். இது சாட்சியா. இல்லை. வாத்தியாருக்குப் பக்கத்து வீட்டைப் பார்க்கக் கண் இல்லையா. நான் இப்படி எனக்கு வேண்டியதைத் தேடி எடுக்கிறேன். முதலில் போஸ்டரை நம்பினேன், இப்போது டீச்சரை நம்புகிறேன், கடைசியாகப் பேசியவரை நம்புகிறவள் என்று என் அம்மா என்னைச் சொல்வது சரிதான்.

ஜெயசீலன் அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, “என்னம்மா முனீஸ்வரி, அந்த ஒரு பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்க. முகூர்த்தப் பத்திரிகை கூட இம்புட்டு நேரம் யாரும் பாக்க மாட்டாங்க” என்கிறார். “ஒரு சந்தேகம் அண்ணே.” “சந்தேகம்னா இப்பவே சொல்லிரு. யூ.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும், ஒரு திருத்தம் பண்ணிரலாம். பிளேட் போட்ட பெறகு வந்து அழுதீன்னா எனக்குத் தெரியாது.” “அழ மாட்டேன் அண்ணே.” “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. போன மாசம் ஒருத்தர், மாப்பிள்ளை பேருக்குப் பதிலா மாப்பிள்ளையோட அண்ணன் பேரு. ஆயிரம் பத்திரிகை. நின்ன இடத்துலயே உக்காந்துட்டாரு.” அவர் சிரிக்கிறார். நானும் சிரித்தேன், சிரித்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று யோசனை. ஆயிரம் பேருக்கு அண்ணன் பெயர் போய்விட்டது. யாராவது ஒருவர் வீட்டில் அந்தப் பத்திரிகை இருபது வருஷம் கிடக்கும், யாரோ ஒரு பிள்ளை எடுத்துப் பார்த்து அந்த அண்ணனுக்குத்தான் அன்றைக்குக் கல்யாணம் நடந்தது என்று நினைக்கும். அச்சில் வந்தது அப்படித்தான். எனக்குப் பிறந்தநாள் ஜூன் ஐந்து. உண்மையில் நான் பிறந்தது ஐப்பசியில், அடைமழையில். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயசு பற்றவில்லை என்று ஹெட்மாஸ்டர் ஒரு தேதி போட்டார், அப்பா அதை எதிர்த்துக் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. இப்போது சான்றிதழ், ஆதார், வங்கி, எல்லாவற்றிலும் ஜூன் ஐந்து. போன வருஷம் அம்மாவே ஜூனில் பாயசம் வைத்தாள். நான் எதுவும் சொல்லாமல் குடித்தேன். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொகுப்பு உதவி என்று என் பெயர் வரப்போகிறது என்றதும், “அப்ப அதுல இருக்கிறதெல்லாம் நீ சொன்னதா” என்று கேட்டார். “நான் சொன்னதில்லப்பா, கேட்டு எழுதினது.” “கேட்டது சரின்னு நீ சொல்றேல்ல, அப்ப நீ சொன்னதுதான.” பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவேன் என்றார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, இப்போது அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

நேற்று நான் டீச்சர் வீட்டுக்குப் போனதே ஒரு புகைப்படத்துக்காகத்தான். சங்கிலி பெட்டியோடு இருக்கிற படம். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று உட்கார வைத்தார். அவர் போன வருஷம்தான் ஓய்வு பெற்றார், அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர். நான் சும்மா இருந்திருக்கலாம். ரசம் ஊற்றும்போது பேச்சுக்கு, “அப்பாவோட மெட்டு எல்லாம் உங்களுக்குப் பாடமா டீச்சர்” என்று கேட்டேன். அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், ஒரு ஒழுங்கில் சொல்லவில்லை, முதலில் சைக்கிள், பிறகு கிணற்றடி, பிறகு சண்டை. சொல்லி முடித்துவிட்டு, “முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு எங்கப்பா மெட்டுன்னு சொல்லித்தான் பாடிக் காட்டியிருக்கேன். வாத்தியார் மெட்டுன்னு இனிமே சொல்லணும்னா என் தொண்டைக்கு வராது” என்றார். நான், “அப்ப வரி எல்லாம் உங்கப்பாவோடது டீச்சர், அது பெரிசு இல்லையா” என்று ஆறுதல் போல ஒன்றைச் சொன்னேன், எவ்வளவு மட்டமான ஆறுதல், கடைக்காரர் ஒரு பொருள் இல்லை என்று இன்னொன்றை எடுத்துக் காட்டுவது போல. “வரியில எனக்கு எங்கப்பா குரல் கேக்காதே. மெட்டுலதான கேக்கும்.” எழுதலாமா என்று கேட்டேன். அவர் என் இலையைப் பார்த்தார். “எழுதுறதும் எழுதாததும் உங்க படிப்பு” என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். எழுதுங்கள் என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன்.

மதராஸ் போன கதையைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், ஆனால் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எழுபத்து நாலு. நாடகத்தைப் பார்த்த ஒரு படத் தயாரிப்பாளர் இரண்டு பேரையும் வரச்சொல்லிக் கடிதம் போட்டார். சபாவே ரயிலடிக்கு வந்து மாலை போட்டது. அங்கே ஒரு அறை, விரிப்பு, வெற்றிலைத் தட்டு, ஒரு ஆர்மோனியம். தயாரிப்பாளர் கட்டத்தைச் சொன்னார், தங்கையைப் பிரிகிற அண்ணன், இப்போதே இங்கேயே நாலு வரி கொடுங்கள் வாத்தியார், நீங்கள் ஒரு மெட்டுக் கொடுங்கள் சங்கிலி, பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேசலாம். தாவீது கையில் பேனா. சங்கிலி முன்னால் பெட்டி. தாவீதின் தலைக்குள் மெட்டு வந்துவிட்டது, பாடினால் குட்டு வெளிப்படும். சங்கிலிக்கு வரி வந்துவிட்டது, சொன்னால் குட்டு வெளிப்படும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம். ஒரு டம்ளர் காப்பி ஆறிற்று. ஒரு சீட்டு எழுதித் தள்ளியிருக்கலாமே, காதில் முணுமுணுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, டீச்சரிடம் கேட்டேன். நடுவில் தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் சங்கிலி, வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அரைமணி நேரத்தை நான் நேற்றிலிருந்து என் உடம்பில் வைத்திருக்கிறேன். நேர்முகத்தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறேனே, மூன்று தடவை, அது போல. ஆனால் எனக்குப் பதில் தெரிந்தது என்னுடையது. அவர்களுக்குத் தெரிந்தது மற்றவருடையதாக வெளியில் நின்றது. உண்மையை ஒரு தடவை, அந்த அறையில் மட்டும் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் எங்கேயோ போயிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை. சங்கிலி சொன்னால் வாத்தியாரை எழுதத் தெரியாதவர் என்று ஊர் சொல்லும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லும். அதற்காகவா. அல்லது பயமா. பயம் எனக்குத் தெரியும் என்பதால் எல்லாவற்றுக்கும் பயத்தைக் காரணமாக வைக்கிறேன்.

மணி ஒன்று பத்து. போனில் சார்ஜ் முப்பத்தொரு சதவீதம். தாவீது உயிரோடு இருக்கிறார், எண்பத்து நாலு வயது, அவரையே கேட்டுவிட்டால் என்ன. இதை நான் காலை ஆறு மணிக்கே செய்திருக்க வேண்டும். மருமகள் எடுத்து, மாமா இப்பதான் சாப்பிட்டாங்க என்று கொடுத்தார். “யாரு, காலேஜ் பிள்ளையா? சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்யா.” பொய். “ஞாயித்துக்கிழமைக்கு மயில்கண் வேட்டி எடுத்திருக்கான் என் மகன். கரை பெருசா இருக்கு, கல்யாண மாப்பிள்ளைன்னு நினைச்சுட்டான் போல.” அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். “ஐயா, ஒண்ணு கேக்கணும். மூணாம் சங்கு பாட்டு நீங்க எழுதுனதுதானங்கய்யா?” மின்விசிறி ஓடுவது கேட்கிறது, அவர்கள் ஊரில் கரண்ட் இருக்கிறது. “போஸ்டர்ல என்ன போட்டிருக்கு?” “உங்க பேருதான்யா.” “அப்புறம் என்ன?” “இல்ல, உறுதிப்படுத்திக்கலாம்னு.” “பஞ்சவர்ணம் ஏதும் சொல்லுச்சா?” “இல்லங்கய்யா.” இரண்டாவது பொய். “உனக்குப் பொய் சொல்ல வரலம்மா” என்றார், கோபம் இல்லாமல், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் சொல்வது போல. பிறகு என்ன நினைத்தாரோ, பாடினார். அந்த வயதில் அந்தக் குரல். சங்கு ஊதும் முன்னே எழுந்தவளே, சாதம் ஆறும் முன்னே போனவளே. அதற்கு அடுத்த வரி, வாசல் தெளித்த ஈரம் காயவில்லை, அதில் வந்து நின்றுவிட்டார். “வரி மறந்துபோச்சு. வயசாச்சு.” ஆனால் நிறுத்தவில்லை, வரி இல்லாமல் தானா தன்னா என்று மெட்டை முழுக்கப் பாடினார், சரணம் வரை, சரணத்துக்குள் போகிற சின்ன இறக்கம் வரை, ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை. “இந்த இடத்துல ஒரு வளைவு வருதுல்ல, அது மேட்டுத் தெரு ஏத்தத்துல சைக்கிள மிதிக்கையில...” என்றவர் நிறுத்திக்கொண்டார். “சங்கிலி போட்டது” என்று முடித்தார். பிறகு, “எங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் போட்டிருக்கியா, சேத்துப் போட்டிருக்கியா?” “ஒரே பக்கந்தான்யா. கீழ கீழ.” “யாரு மேல?” “நீங்க.” “ம்.” அதற்குப் பிறகு அவர் வேட்டியைப் பற்றிப் பேசவில்லை. வைக்கட்டுமா என்று கேட்டு வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டார் என்று ஒரு மனசு. சொல்லவில்லை, சங்கிலி போட்டது என்றுதானே சொன்னார் என்று இன்னொன்று. எண்பத்து நாலு வயதில் வரி மறந்து மெட்டு நிற்பது யாருக்கும் நடக்கும், எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையில் கேட்ட விளம்பரப் பாட்டுக்கு எனக்கே மெட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது, அதை நானா போட்டேன். ஆனால் மேட்டுத் தெரு ஏற்றம். ஆர்மோனியக்காரர் போட்ட மெட்டுக்குள் வாத்தியாருடைய சைக்கிள் எப்படி வரும். வரலாம், நண்பரைப் பார்த்துப் போட்டிருக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதுதான் பிரச்சினை, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் யாராவது விட்டுவைத்தால் நான் அதில் போய்விடுவேன். மாற்றிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில், இருநூறு பேருக்கு முன்னால், பெரிய கரை வேட்டியோடு ஒரு கிழவர் புத்தகத்தைத் திறந்து தன் பெயருக்கு நேரே வேறு வேலையைப் பார்ப்பார். மாற்றாமல் விட்டால் செத்துப்போன ஒருவர் இருபத்திரண்டு வருஷம் எழுதியது இன்னொருவர் எழுதியதாக என் கையெழுத்தோடு நிற்கும், இனிமேல் யார் எழுதினாலும் களஞ்சியம், பக்கம் 143 என்று அடிக்குறிப்புப் போடுவார்கள். கிழவர் ஒரு நாள் வருத்தப்படுவார், புத்தகம் எப்போதும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். போட்ட உடனே அருவருப்பாக இருந்தது.

சாருக்குப் போன் செய்தேன். திருமலைக்கொழுந்து சார் நல்லவர், எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர், மார்ச்சோடு முடிகிற வேலையை நீட்டிக்க எழுதியிருப்பவர், அதனால்தான் அவரோடு பேசும்போது என் குரல் எனக்கே பிடிக்காது. எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சர் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். “ஆதாரம் இருக்கா முனீஸ்வரி?” “வாய்மொழிதான் சார்.” “ஒருத்தர் வாய்மொழி. எதிர்ல முப்பத்தொரு போஸ்டர். விடும்மா.” “அவர் பாடினப்ப வரி வரல சார்.” “எனக்குக் காலையில கண்ணாடி வச்ச இடம் வரல. களஞ்சியம்னா முடிவாச் சொல்லணும், ஒண்ணு இது, இல்ல அது. இருக்கலாம், போலும், கேள்வி, இதெல்லாம் உன் ஆய்வேட்டுல போட்டுக்க. நான் கிளாசுக்குப் போறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிரு.” வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆதாரம் இல்லாமல் மாற்றக் கூடாது, அதை எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் விடலாமா என்று அவர் சொல்லித்தரவில்லை. போஸ்டர் ஆதாரமா. போஸ்டர் ஒட்டிய பிறகுதானே எல்லாம் நடந்தது. நடந்ததா. மறுபடியும் ஆரம்பித்த இடம். சார்ஜ் பத்தொன்பது சதவீதம். பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டும், கேட்டால் அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிடும், அவர் பிளேட் போட்டுவிடுவார் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே போட்டுவிட்டால் நல்லதுதானே, நான் ஒன்றும் செய்யவில்லை, கரண்ட் வந்தது, போட்டுவிட்டார்கள். இப்படித்தான் அவர்களுக்கும் நடந்திருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, போஸ்டர் ஒட்டியாயிற்று, விட்டுவிட்டார்கள். அந்த விட்டுவிட்டது இருபத்திரண்டு வருஷம் நீளும் என்று முதல் நாள் யாருக்குத் தெரியும். மதராஸில் அந்த அறையில் அது எழுந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஒன்று முப்பத்தைந்து. ட்யூப் லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது, முன்னதாகவே வந்துவிட்டது. பின்னால் எங்கேயோ மெஷின் ஒன்று இழுத்து மூச்சு விட்டது. ஜெயசீலன் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு, “என்னம்மா, போட்ரவா” என்றார். நான் எழுந்தேன், கால் மரத்திருந்தது. “அண்ணே, ஒரு திருத்தம். மேல கட்டத்துல ரெண்டு வரியையும் எடுத்துருங்க.” “எடுத்துட்டு?” “பாட்டும் இசையும், போட்டு, தாவீது, சங்கிலி. ஒரே வரியில.” அவர் அடித்தார். “கீழ ஒரு வரி சேக்கணும்ணே. பாட்டு எழுதியவர் யார், மெட்டு அமைத்தவர் யார் என்பதில் மாறுபட்ட செய்திகள் உள்ளன, உறுதிப்படுத்த முடியவில்லை.” அவர் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தார். “புத்தகத்துல தெரியலன்னா போடுவாங்க?” “தெரியலண்ணே.” “சாருக்குத் தெரியுமா?” “சொல்லிக்கிறேன்.” “வரி கூடுது, பக்கம் ஓடிரும், வேற எதையாச்சும் எடு.” மூன்றாவது பத்தியில் அந்த வாக்கியத்தைக் காட்டினேன், பள்ளி ஆசிரியராக இருந்தும் பாமரர் மொழியில். அவர் அதை நீலமாக்கி அழித்தார். புதிய தாள் சூடாக வெளியே வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

சார் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. விழாவில் தாவீது ஐயா பக்கம் 143-ஐ விரலை வைத்து மெதுவாகப் படித்தார், பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், என்னை ஒரு தடவை பார்த்தார். பஞ்சவர்ணம் டீச்சர் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறு ஒரு வேலையாக மாவட்ட ஆவண அறைக்குப் போனபோது, பழைய நாடக அனுமதி விண்ணப்பங்கள் ஒரு கட்டாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நாடகம் போட வேண்டுமானால் எழுத்துப் பிரதியோடு போலீசில் அனுமதி வாங்க வேண்டும். வசனத்துக்கு யார் பொறுப்பு, பாட்டு வரிகளுக்கு யார் பொறுப்பு, ஏதாவது வில்லங்கமானால் யாரைப் பிடிப்பது என்று விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறார்கள். சந்திரோதய நாடக சபாவின் முதல் விண்ணப்பம், ‘மூணாம் சங்கு’க்கும் அந்தச் சண்டைக்கும் ஐந்து வருஷம் முன்னால், 1964 மார்ச் பதினொன்றாம் தேதியிட்டது. டீச்சர் சொன்ன கதைப்படி அப்போது வரி எழுதியது தாவீதுதான். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பாடல் வரிகளுக்குப் பொறுப்பானவர்: மா. சங்கிலி. அதன் கீழே சாட்சிக் கையெழுத்து: ஞா. தாவீது, ஆசிரியர்.